கேபிள் ட்ரோன் கனெக்டரில் ஆர்க் வராமல் பார்த்துக்கொள்வது எப்படி?

கனெக்டர் என்பது சுவிட்ச் இல்லை. கேபிளோடு பறக்கும் ட்ரோன் வேலைக்குப் புதிதாக வருபவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான். பேட்டரி ட்ரோன் ஓட்டிப் பழகிய கைகளுக்கு, செருகினால் பவர் வரும், உருவினால் போகும் என்பது ஊறிப்போன பழக்கம். 25 வோல்ட் பேட்டரியில் அது ‘டப்’ என்ற ஒரு சத்தத்தோடு போய்விடும். 400 வோல்ட் டிசியில் அதே காரியத்தைச் செய்தால் பிரியும் உலோகங்களுக்கு நடுவே மின்பொறி அணையாமல் எரியும். அதுதான் ஆர்க். பின் உருகும், பிளாஸ்டிக் கரியாகும், விரல் வெந்துபோகும்.

2017 செப்டம்பரில் மரியா புயல் போர்ட்டோ ரிக்கோவைப் புரட்டிப் போட்டபோது செல்போன் சேவை அடியோடு படுத்துவிட்டது. அந்த நவம்பரில் ஏடி அண்ட் டி நிறுவனம் கேபிள் கட்டிய ட்ரோன் ஒன்றைச் சுமார் 200 அடி உயரத்தில் நிறுத்தி, அதையே தற்காலிகக் கோபுரமாக்கி, 40 சதுர மைல் வரை சிக்னல் கொடுத்தது. சாதாரண பேட்டரி ட்ரோன் அரை மணி நேரத்தில் இறங்கிவிடும். இது மணிக்கணக்கில் நிற்க வேண்டிய வேலை. தரையிலிருந்து மின்சாரம் இடைவிடாமல் ஏற வேண்டும். வழியில் எத்தனை கனெக்டர் இருக்கிறதோ அத்தனை இடத்தில் அது அறுபடலாம்.

ஏன் இவ்வளவு வோல்ட்?

2 கிலோவாட் இழுக்கும் ட்ரோன், 100 மீட்டர் கேபிள், 20 கேஜ் (ஏடபிள்யூஜி அளவு) செம்புக் கம்பி என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கம்பியின் தடை மீட்டருக்கு 33 மில்லிஓம். போகவும் வரவும் 200 மீட்டர், ஆக மொத்தம் 6.7 ஓம். 50 வோல்ட்டில் அனுப்பினால் 40 ஆம்பியர் வேண்டும். அதை இந்தக் கம்பியில் ஓட்ட 268 வோல்ட் கேபிளுக்கே போய்விடும். நடக்காத காரியம். கம்பியைத் தடிமனாக்கலாமே என்றால், 20 கேஜிலேயே செம்பு மட்டும் 930 கிராம் இருக்கிறது. அதையும் ட்ரோன்தான் தூக்க வேண்டும். 400 வோல்ட்டில் அனுப்பினால் சுமார் 5.5 ஆம்பியர் போதும், கேபிளில் 37 வோல்ட்தான் விழும். அதனால்தான் தரைப்பெட்டி 230 வோல்ட் ஏசியை 400 வோல்ட் டிசியாக்கி மேலே அனுப்புகிறது. ட்ரோனில் இருக்கும் கன்வெர்ட்டர் அதை 50 வோல்ட்டாக இறக்கி மோட்டார்களுக்குக் கொடுக்கிறது. கேபிள் போய்விட்டால் பத்திரமாகத் தரையிறங்க ஒரு சின்ன பேட்டரியும் கூடவே இருக்கும்.

ஆர்க் வரக்கூடிய இடங்கள் நான்கு: தரைப்பெட்டியின் அவுட்புட், கேபிள் டிரம்மின் நடுவில் இருக்கும் ஸ்லிப் ரிங் (டிரம் சுற்றும்போதும் மின்சாரத்தைக் கடத்தும் வளையம்), ட்ரோன் பக்கக் கனெக்டர், ட்ரோனுக்குள் பேட்டரி சேரும் இடம். முதல் மூன்றும் 400 வோல்ட், கடைசி 50 வோல்ட்.

ஆர்க் எப்படிப் பிறக்கிறது

இரண்டு உலோகங்கள் பிரியும்போது, கடைசியாகத் தொட்டுக்கொண்டிருக்கும் ஒரு சின்னப் புள்ளி மொத்த மின்னோட்டத்தையும் சுமக்கிறது. அது உருகுகிறது, ஆவியாகிறது, அந்த ஆவி வழியாகவே மின்சாரம் தொடர்ந்து பாய்கிறது. செம்புக்கும் வெள்ளிக்கும் இதற்குத் தேவை 12, 13 வோல்ட்டும் அரை ஆம்பியருக்குக் குறைவான மின்னோட்டமும்தான். அதாவது கேபிள் ட்ரோனின் 50 வோல்ட் பக்கம்கூட அந்த எல்லைக்கு மேலேதான் இருக்கிறது. வீட்டு ஏசியில் மின்னோட்டம் விநாடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடும். ஆர்க் அங்கே பெரும்பாலும் தானாக அணைந்துவிடும். டிசியில் அந்த இடைவெளி கிடையாது.

கேபிள் ட்ரோனுக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. பலர் இதைக் கவனிப்பதில்லை. கன்வெர்ட்டருக்கு உள்ளே வரும் வோல்ட் குறைந்தால் அது ஆம்பியரைக் கூட்டி இழுத்து, வெளியே அதே வாட்டைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஒரு கனெக்டர் தளர்ந்து உள்ளே ஆர்க் பிடித்து 30 வோல்ட் அங்கே போகிறது என்றால், மிச்சமிருக்கும் வோல்ட்டை வைத்துக் கன்வெர்ட்டர் சுமார் 6 ஆம்பியர் இழுக்கும். ட்ரோன் அசையாது. 10 ஆம்பியர் ஃபியூஸுக்கு எதுவும் தெரியாது. ஆனால் கட்டைவிரல் அளவுள்ள பிளாஸ்டிக்குக்குள் 180 வாட் சூடு; மூன்று சால்டரிங் அயர்னை ஒன்றாக உள்ளே செருகியது போல. ‘ஃபியூஸ் இருக்கிறதே, பார்த்துக்கொள்ளும்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆகவே இணைக்கும்போதும் பிரிக்கும்போதும் கனெக்டரில் மின்னோட்டம் இருக்கக் கூடாது. பறக்கும்போது அது ஒரு இழைகூட விலகக் கூடாது. கீழே இருக்கும் படிகள் எல்லாம் இந்த இரண்டுக்காகத்தான்.

படி 1: பெட்டியைத் திறந்து எழுத்தைப் படியுங்கள்

புதியவர்கள் 400 வோல்ட் சப்ளையைச் சொந்தமாகக் கட்ட வேண்டாம். தயாராக வரும் தரைப்பெட்டியை வாங்குங்கள். வாங்கியதிலும், முழுக்க அணைத்து, உள்ளே தேங்கிய மின்சாரமும் இறங்கிய (மின்னிறக்கம் ஆன) பிறகு, ரிலே, ஃபியூஸ் மேல் என்ன அச்சிட்டிருக்கிறது என்று பாருங்கள். சென்னை ரிச்சி தெருவில் சல்லிசாகக் கிடைக்கும் நீல நிற ரிலேயைக் கையில் எடுத்தால் ‘250 வோல்ட் ஏசி 10 ஆம்பியர்’ என்று இருக்கும். பக்கத்திலேயே ‘30 வோல்ட் டிசி 10 ஆம்பியர்’ என்றும் இருக்கும். அந்த இரண்டாவது வரிதான் நமக்கு. 400 வோல்ட் டிசியை அது திறக்கப் பார்த்தால் உள்ளே ஆர்க் அணையாமல் நின்று ரிலேயே எரியும்.

ஃபியூஸும் அப்படித்தான். கண்ணாடிக்குழாய் ஃபியூஸ் இந்த வேலைக்கு ஆகாது. உள்ளே மணல் நிரப்பிய, டிசி வோல்ட் அச்சிட்ட பீங்கான் ஃபியூஸ் வேண்டும். டிசி கான்டாக்டரில் (பெரிய மின்னோட்டத்துக்கான ரிலே) பிளஸ், மைனஸ் குறி இருந்தால் மாற்றிப் போடாதீர்கள். உள்ளே இருக்கும் காந்தம் ஆர்க்கை ஒரு பக்கமாகத் தள்ளி நீட்டி அறுக்கிறது. திசை மாறினால் தப்பான பக்கம் தள்ளும்.

படி 2: கனெக்டர் தேர்வு

ட்ரோன் பேட்டரிகளில் பார்க்கும் கனெக்டர்களான எக்ஸ்டி60, எக்ஸ்டி90 இரண்டும் பேட்டரி பக்கத்துக்கு நல்ல சரக்கு. 400 வோல்ட் பக்கத்தில் அவற்றைப் போடாதீர்கள். பூட்டு இல்லை, மழைக்குக் காப்பு இல்லை, விரல் படாத அமைப்பும் இல்லை. ‘ஆன்டி ஸ்பார்க்’ எக்ஸ்டி90-எஸ் போட்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அதற்குள் இருக்கும் ரெசிஸ்டர் 5.6 ஓம். 50 வோல்ட்டில் முதல் கணம் 9 ஆம்பியர், தாங்கும். 400 வோல்ட்டில் 71 ஆம்பியர், தாங்காது.

கூரை சோலாரில் பார்க்கும் எம்சி4 கனெக்டர் இந்த வோல்ட்டைத் தாங்கும், தண்ணீருக்கும் தாங்கும். ஆனால் லோடில் பிரிக்கக் கூடாது என்று அதன் மேலேயே எச்சரிக்கை இருக்கும். ஒரு கம்பெனி ஆண் பாதியையும் இன்னொரு கம்பெனி பெண் பாதியையும் சேர்த்துப் போடுவதால் கூரைகளில் தீப்பிடித்த கதைகள் சோலார் வேலைக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். எந்தக் கனெக்டரானாலும் இரு பாதியும் ஒரே தயாரிப்பாக இருக்கட்டும். முலாமும் ஒன்றாக இருக்க வேண்டும். தங்க முலாம் பின்னை வெள்ளீய முலாம் சாக்கெட்டில் செருகினால் அதிர்வில் சீக்கிரம் கெடும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை: டிசி வோல்ட் அளவு, திருகி அல்லது திருப்பிப் பூட்டும் அமைப்பு, ரப்பர் சீல், நடுவில் இரண்டு சின்ன சிக்னல் பின். இந்தச் சின்னப் பின்களைப் பற்றி நான்காம் படியில் பேசுவோம். பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் நடுவே பிளாஸ்டிக் பரப்பில் இருக்கும் தூரமும் முக்கியம். மின்காப்புக்கான சர்வதேசத் தரநிலை ஐஇசி 60664-1 படி, சாதாரண பிளாஸ்டிக்கில் 400 வோல்ட்டுக்கு ஓரளவு சுத்தமான இடத்தில் 4 மில்லிமீட்டர் வேண்டும், தூசும் ஈரமும் உள்ள இடத்தில் 6.3. நம் ட்ரோன் நிற்பது வெட்டவெளியில், எனவே 6.3 தான் கணக்கு. லடாக் மாதிரி உயரத்தில் காற்று மெலிந்துவிடுவதால் காற்றிடைவெளியையும் கூட்ட வேண்டும். 5000 மீட்டரில் 1.48 மடங்கு.

படி 3: கப்பாசிட்டரை மெதுவாக நிரப்புங்கள்

ட்ரோன் பக்கக் கன்வெர்ட்டரின் வாசலில் பெரிய கப்பாசிட்டர் இருக்கும். 470 மைக்ரோஃபாரட் என்று கொள்வோம். 400 வோல்ட்டில் அது பிடித்துவைக்கும் ஆற்றல் 38 ஜூல். காலியான கப்பாசிட்டர் முதல் கணத்தில் வெறும் கம்பியைப் போல நடந்துகொள்ளும். 100 மீட்டர் கேபிளின் 6.7 ஓம் நடுவில் இருந்தாலே 60 ஆம்பியர் பாயும். பட்டறை மேஜையில் 10 மீட்டர் கம்பி வைத்துச் சோதித்தால் அது 600 ஆம்பியர் வரை போகப் பார்க்கும். களத்தில் ஒழுங்காக இருந்த செட் பட்டறையில் பின்னைப் பொசுக்குவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இதற்கு மருந்து ப்ரீசார்ஜ். தரைப்பெட்டியில் மெயின் கான்டாக்டருக்குப் பக்கவழியாக ஒரு ரெசிஸ்டரும் ஒரு சின்ன ரிலேயும். 470 ஓம் போட்டால் உச்சபட்சம் 0.85 ஆம்பியர்தான். 1.1 விநாடியில் கப்பாசிட்டர் 99 சதவீதம் நிரம்பிவிடும். அதன்பிறகு மெயின் கான்டாக்டர் மூட வேண்டும். நிரம்புவதற்குள் ரெசிஸ்டரும் அதே 38 ஜூலைச் சூடாக வாங்கிக்கொள்ளும், முதல் கணத்தில் 340 வாட். கால் வாட் கார்பன் ரெசிஸ்டர் வெடித்துவிடும்; கம்பி சுற்றிய 10 வாட் சிமென்ட் ரெசிஸ்டர் போடுங்கள்.

நேரத்தை மட்டும் நம்பி மெயினை மூட வேண்டாம். இரு பக்க வோல்ட்டும் ஏறக்குறைய சமமாகிவிட்டதா என்று பார்த்து மூடும் சர்க்யூட் வேண்டும். கப்பாசிட்டர் நிரம்பும்வரை கன்வெர்ட்டர் கிளம்பவும் கூடாது. பாதி நிரம்பும்போதே அது லோடை இழுக்க ஆரம்பித்தால், வோல்ட் மேலே ஏறவே ஏறாது, ரெசிஸ்டர் புகைந்துகொண்டிருக்கும். கன்வெர்ட்டரில் ‘எத்தனை வோல்ட்டுக்கு மேல் கிளம்ப வேண்டும்’ என்ற அமைப்பைத் தேடி 350-ஐ ஒட்டி வையுங்கள். பறக்கும்போது எத்தனைக்குக் கீழே நிற்க வேண்டும் என்பது வேறு அமைப்பு. கேபிளில் விழும் வோல்ட்டையும் சேர்த்து அதை இன்னும் தாழ்வாக வையுங்கள்.

இறக்குவதற்கும் வழி வேண்டும். கப்பாசிட்டரின் குறுக்கே 47 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்று நிரந்தரமாக இருந்தால், பவரை நிறுத்தியபின் 42 விநாடியில் 400 வோல்ட் 60 ஆக இறங்கும். அதில் எப்போதும் 3.4 வாட் சூடு இருக்கும் என்பதால் இங்கேயும் 10 வாட் வகைதான்.

பேட்டரி பக்கம் சுலபம். அங்கே எக்ஸ்டி90-எஸ் போடுங்கள். ரெசிஸ்டர் தொடும் இடம்வரை தள்ளி, அரை விநாடி நிறுத்தி, பிறகு முழுக்க உள்ளே தள்ளுங்கள். பாதியில் விட்டுவிட்டு மோட்டாரைக் கிளப்பினால் அந்த ரெசிஸ்டர் காலி.

படி 4: குட்டை பின் வேலை

எலக்ட்ரிக் கார் சார்ஜரின் பிளக்கை உற்றுப் பார்த்தால் மெயின் பின்களைவிடக் குட்டையாக ஒரு சிக்னல் பின் இருக்கும். செருகும்போது அது கடைசியில் தொடும், உருவும்போது முதலில் விலகும். அது விலகியதுமே பவர் நின்றுவிடும்; மெயின் பின் விலகும்போது அங்கே மின்னோட்டம் இருக்காது. நமக்கும் இதே ஏற்பாடு வேண்டும். இரண்டு சிக்னல் பின்களை எதிர்ப் பாதியில் ஒன்றோடொன்று கோத்துவிடுங்கள். அந்த வளையம் மூடியிருந்தால்தான் தரைப்பெட்டி 400 வோல்ட்டை வெளியே விட வேண்டும்.

இதை நேரக் கணக்கோடு பார்க்க வேண்டும். பதற்றத்தில் ஒருவர் விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் இழுக்கிறார், சிக்னல் பின் 3 மில்லிமீட்டர் குட்டை என்றால், கிடைக்கும் அவகாசம் 3 மில்லிவிநாடி. கான்டாக்டர் திறக்க அதைவிட அதிகநேரம் எடுக்கும். மாஸ்ஃபெட் அல்லது ஐஜிபிடி என்ற செமிகண்டக்டர் சுவிட்ச் மைக்ரோவிநாடிகளில் நிறுத்திவிடும். எனவே முதலில் அறுப்பது செமிகண்டக்டர், பிறகு பாதுகாப்புக்காகத் திறப்பது கான்டாக்டர் என்று இருக்க வேண்டும். திருப்பிப் பூட்டும் கனெக்டரை நான் விடாமல் சொல்வதும் இதற்காகத்தான். திருப்பு, பிறகு இழு என்ற இரண்டு அசைவு இருந்தால் 3 மில்லிவிநாடி அரை விநாடியாகிவிடும்.

இன்னொன்று: அறுக்கும் அந்த மாஸ்ஃபெட் தரைப்பெட்டியின் அவுட்புட் கப்பாசிட்டருக்கு அப்புறம் இருக்க வேண்டும். அதற்கு முன்னால் இருந்தால், சப்ளை நின்றாலும் கப்பாசிட்டரில் இருப்பது கனெக்டர் வழியாகப் பாய்ந்துகொண்டேதான் இருக்கும்.

ட்ரோன் பக்கக் கனெக்டருக்குத் தரைவரை சிக்னல் கம்பி இழுப்பது எடை. அங்கே வேறு வழி: சிக்னல் வளையத்தை ட்ரோன் கன்வெர்ட்டரின் ஆன்-ஆஃப் பின்னோடு கொடுங்கள். வளையம் திறந்ததும் கன்வெர்ட்டர் இழுப்பதை நிறுத்தும், பேட்டரி சுமையை ஏற்கும், மெயின் பின் விலகும்போது அதில் ஓட ஒன்றும் இருக்காது.

படி 5: இழுவை கனெக்டருக்கு வரக் கூடாது

காற்றடித்தால் கேபிள் விண்ணென்று இழுக்கும். அந்த இழுவை முழுவதும் கேபிளுக்குள் ஓடும் கெவ்லர் நாரில் போய், ட்ரோனின் உடல்சட்டத்தில் முடிய வேண்டும். நாரைத் தனியாகப் பிரித்து வளையத்தில் கட்டி, சட்டத்தில் மாட்டுங்கள். அங்கிருந்து கனெக்டர்வரை செம்புக் கம்பி ஒரு சின்ன வளைவாகத் தொய்ந்து போகட்டும். ட்ரோனைக் கையில் பிடித்துக்கொண்டு இன்னொருவரை நன்றாக இழுக்கச் சொல்லி, கனெக்டர் அருகில் கம்பி அசைகிறதா என்று பாருங்கள். அசைந்தால் மறுபடி கட்டுங்கள்.

கனெக்டரின் உடலையும் சட்டத்தோடு பிடிப்பு வைத்து இறுக்குங்கள். பிராப்பெல்லர் அதிர்வில் பின் கண்ணுக்குத் தெரியாத அளவு முன்னும் பின்னும் உரசும். அப்போது வெள்ளீய முலாம் பொடிந்து ஆக்சைடாகி, தொடும் இடத்தில் படியும். தடை ஏறும், சூடு ஏறும், கடைசியில் ஆர்க். 50 வோல்ட் பக்கம் 40 ஆம்பியர் ஓடுவதால் அங்கே இது இன்னும் கொடுமை. 5 மில்லிஓம் ஏறினாலே 8 வாட் சூடு.

கம்பியைப் பின்னில் நசுக்கிப் பிடிக்கவைக்க, அதாவது கிரிம்ப் செய்ய, அந்தக் கனெக்டருக்கான டூலையே பயன்படுத்துங்கள். கட்டிங் பிளையரால் நசுக்கியதை இழுத்தால் கையோடு வந்துவிடும்.

படி 6: களத்தில் எது முதலில்

மேலே ஏற்றும்போது: கேபிளை மாட்டு, பூட்டைத் திருப்பு, பூட்டு முழுக்க விழுந்ததைக் கண்ணால் பார், தரைப்பெட்டியின் இன்சுலேஷன் எச்சரிக்கை விளக்கு எரியவில்லை என்று பார், பேட்டரியை மாட்டு, பிறகுதான் 400 வோல்ட்.

இறக்கும்போது: ட்ரோன் தரையில், மோட்டார் நின்றது, 400 வோல்ட் ஆஃப், ஒரு நிமிடம் பொறு, 600 வோல்ட் கேட் 3 (CAT III என்ற பாதுகாப்புத் தரம்) என்று அச்சிட்ட மல்டிமீட்டரால் பார், 60-க்குக் கீழே வந்தபின் பூட்டைத் திருப்பு.

இந்த இரண்டு வரியையும் லேமினேட் செய்து தரைப்பெட்டி மூடியில் ஒட்டிவிடுங்கள். மழை வரும்போது அவசரத்தில் யாரும் யோசிக்க மாட்டார்கள், படித்துச் செய்வார்கள். மழை என்றதும் இன்னொன்று: ஐபி67 என்ற தூசு, தண்ணீர்க் காப்புத் தரம் இரு பாதியும் சேர்ந்திருக்கும்போது மட்டும்தான். பிரித்த கணமே மூடி போடுங்கள். கடலோரத்தில் உப்புப் படிந்த பிளாஸ்டிக் பரப்பிலேயே மின்சாரம் ஊர்ந்து கரிக்கோடு போடும்.

படி 7: சோதனை

வெளியே பார்த்து நல்லது கெட்டது சொல்ல முடியாது. அளந்து பாருங்கள். பெஞ்ச் சப்ளையில் 5 ஆம்பியர் வைத்து, மாட்டிய கனெக்டரின் ஒரு பின் வழியாக ஓட்டி, இரு முனைக்கும் நடுவே மில்லிவோல்ட் பாருங்கள். 5 மில்லிவோல்ட் என்றால் 1 மில்லிஓம். புதிதாக வாங்கியபோதே இந்த எண்ணை எழுதிவையுங்கள். இரண்டு மடங்கானால் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

பறந்து இறங்கியதும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் சூட்டைப் பார்க்கலாம். பளபளக்கும் உலோகத்தின் மேல் பிடித்தால் அது குறைத்துக் காட்டும். பக்கத்தில் இருக்கும் கறுப்பு ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் உறை) மேல் பிடியுங்கள். பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் 10 டிகிரி வித்தியாசம் இருந்தால் சூடான பக்கத்தைச் சந்தேகியுங்கள்.

லென்ஸ் வைத்துப் பின்னின் நுனியைப் பாருங்கள். எக்ஸ்டி வகைகளில் ஸ்பார்க் நுனியில்தான் அடிக்கும், மின்னோட்டம் உள்ளே தள்ளி இருக்கும் பக்கச்சுவரில்தான் ஓடும். அதனால் நுனியில் ஒன்றிரண்டு கரும்புள்ளி உடனே ஆபத்தில்லை. ஆனால் அந்தப் புள்ளிகள் கரடாகி, ஒவ்வொரு முறை செருகும்போதும் எதிர்ச்சுவரின் முலாமைச் சுரண்டும். பிளந்திருக்கும் பின்னைக் கத்தியால் அகட்டி இறுக்கமாக்கும் வழக்கம் பட்டறைகளில் உண்டு. ஒரு நாள் தாங்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது அதைவிட மோசம். இருக்கும் மெல்லிய முலாமும் போய்விடும். கான்டாக்ட் கிளீனர் அடித்து உலரவிடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஸ்லிப் ரிங்கை மறந்துவிடாதீர்கள். அதுவும் கனெக்டர்தான், சுற்றிக்கொண்டே இருக்கும் கனெக்டர். கார்பன் பிரஷ் உள்ள வகை என்றால் தேய்ந்த பொடி வளையங்களுக்கு நடுவே சேர்ந்து, 400 வோல்ட்டுக்குப் பாலம் போடும். பவரை நிறுத்தி, மின்னிறக்கம் பார்த்து, வாக்குவம் கிளீனரால் இழுத்தெடுங்கள். காற்றடித்து ஊதினால் பொடி இன்னும் உள்ளேதான் போகும்.

பிளாஸ்டிக் பழுப்பானாலோ, பின் நீலம்பாரித்தாலோ ஒரு பாதியை மட்டும் மாற்றிவிட்டுக் கிளம்பாதீர்கள். சூடு இரண்டு பக்கமும் ஏறியிருக்கும். கெட்ட சாக்கெட் புதுப் பின்னையும் கெடுத்துவிடும். இரு பாதியையும் வெட்டியெடுங்கள். கம்பியிலும் சில சென்டிமீட்டர் சேர்த்து வெட்டுங்கள். வெட்டிய இடத்தில் செம்பு இழைகள் கறுத்திருந்தால், பளபளவென்று செம்பு தெரியும்வரை இன்னும் வெட்டிக்கொண்டே போய், அங்கே புது கிரிம்ப் போடுங்கள்.